நோட்டில் விட்டுப்போன நாலு வரி

சாயங்காலம் ஆனால் எங்கள் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். என்னைப் போன்ற முழங்கால் வலிக்காரர்கள் பயமில்லாமல் நடக்கலாம். போன வாரம் அப்படி நடந்துகொண்டிருந்தபோது, காந்தி சிலைக்குப் பக்கத்தில் மூன்று இளைஞர்கள் கேமராக்களோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் லென்சை மற்றவர் வாங்கி மாட்டிப் பார்ப்பதும், எடுத்த படத்தைப் பெரிதாக்கி மூலையைக் காட்டுவதும், "ஓரத்துல கொஞ்சம் சாஃப்டா இருக்குடா" என்பதுமாக ஒரே பேச்சு. அதில் ஒருவர் கையில் இருந்தது பழைய ரஷ்ய லென்ஸ். ஒரு வளையத்தைப் போட்டு இந்தக் காலத்துக் கேமராவில் மாட்டியிருந்தார். என் கால் தானாக நின்றுவிட்டது.

"தம்பி, அது ஹீலியாஸ்தானே? அம்பத்தெட்டு மில்லிமீட்டர்?" என்றேன்.

மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஆமாம் தாத்தா. இவன்கிட்ட இருந்து நான் வாங்கலாம்னு இருக்கேன். எப்படி இருக்கும்?" என்று ஒருவர் கேட்டார்.

அவருடைய போனில் உள்ள டார்ச்சைப் போடச் சொல்லி, லென்சின் துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தைக் காட்டி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே சுத்தமாக இருந்தது. "வாங்கலாம் தம்பி" என்று கொடுத்துவிட்டு நடந்தேன். "தாத்தா பலே ஆளு" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வீடு வந்து சேரும்வரை மனசு சரியில்லை. டார்ச் அடித்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குக் கேமரா ஆசை பள்ளிக்கூடத்திலேயே பிடித்துவிட்டது. நான் கல்வே காலேஜில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1962 ஆகஸ்டு 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்கு வயது பதின்மூன்று. ப்ரெவே பாஸ் செய்ததும் அரசாங்க குமாஸ்தா வேலை கிடைத்தது. பழைய பிரெஞ்சு ரிஜிஸ்தர்களைப் படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்ட காலம் அது. காலை முதல் மாலை வரை செத்தவர்கள், பிறந்தவர்கள், கல்யாணம் ஆனவர்கள் பெயர்களோடு காலம் தள்ளிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால்தான் எனக்கு மூச்சு வரும்.

முதலில் வைத்திருந்தது அக்பா கிளிக் த்ரீ. பரோடாவில் செய்த கேமரா. சதுரமாகப் பன்னிரண்டு படம் விழும். பிறகு சீட்டுப் பணம் எடுத்து ஒரு ஜெனித்-இ வாங்கினேன். ரஷ்யக்காரர்கள் அதைக் கேமராவாகவும் செய்தார்கள், அவசரத்துக்கு அம்மிக் குழவியாகவும் செய்தார்கள் என்று என் மனைவி சொல்லுவாள். அவ்வளவு கனம். அதோடு வந்ததுதான் ஹீலியாஸ் லென்ஸ்.

1974 வாக்கில் எங்களுக்குள் ஒரு ஐந்து பேர் சேர்ந்துவிட்டோம். சங்கம் என்று பெயர் வைக்கவில்லை, சந்தாவும் கிடையாது. ஞாயிறு காலையில் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் தெரிகிற மாதிரி ஒரு பெஞ்சில் கூடுவோம். மூத்தவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. நாங்கள் அவரை "முசே" என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் சைகோனில் வாங்கிய ஃபோகா கேமரா இருந்தது. பிரான்சிலேயே செய்தது. அதன் ஒப்லார் லென்ஸ் எஃப் 3.5-தான். ஆனால் ஓரம்வரை கத்தி மாதிரி விழும். அடுத்தவர் ஸ்டூடியோக்காரர், யாஷிகா மேட் வைத்திருந்தார். மூன்றாமவர் ரோடியர் மில்லில் பிட்டர். கடைசிவரை கிளிக் த்ரீயை விடாதவர். நான்காமவர் ஒரு டிராயிங் மாஸ்டர். அவரும் என்னைப் போல ஜெனித்காரர். ஐந்தாவது நான்.

டிராயிங் மாஸ்டரும் நானும் ஒரே கேமரா வைத்திருந்ததில் ஒரு வசதி இருந்தது. இரண்டிலும் லென்ஸ் மாட்டுகிற இடம் ஒரே மரை. நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் வட்டத்தில் திருகிக் கழற்றலாம், திருகி மாட்டலாம். ஆகவே அவர் லென்ஸ் என் வீட்டிலும் என் லென்ஸ் அவர் வீட்டிலும் மாதக் கணக்கில் கிடக்கும்.

எங்கள் சொத்து ஒரு நோட்டு. இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு. அதற்கு முசே போட்ட சட்டம் ராணுவச் சட்டம். ஒவ்வொருவரும் மாதம் ஒரு படத்தைப் போஸ்ட்கார்டு அளவில் பிரிண்ட் போட்டு ஒட்ட வேண்டும். எந்த லென்ஸ், எந்தத் துவாரம், எந்தப் பிலிம், வெயில் எந்தப் பக்கம் என்று எழுத வேண்டும். நோட்டு கைமாறி ஐந்து வீட்டுக்கும் போகும். மற்ற நாலு பேரும் அந்தப் படத்துக்குக் கீழே தங்கள் கையால் குறைந்தது நாலு வரி எழுத வேண்டும். "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் செல்லாது. ஏன் நன்றாக இருக்கிறது, எங்கே நன்றாக இல்லை என்று சொல்ல வேண்டும்.

நான் பழைய லைட்ஹவுசை எடுத்து ஒட்டியபோது மில்காரர் எழுதினார்: "சார் லென்ஸ் நன்றாக உள்ளது. கலங்கரை விளக்கம் மட்டும் குடித்திருப்பதாகத் தெரிகிறது." படம் அவ்வளவு சாய்ந்திருந்தது. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்த சாமிகளை டிராயிங் மாஸ்டர் எடுத்த படத்துக்குக் கீழே ஸ்டூடியோக்காரர், "கூட்டத்தை எடுத்திருக்கிறீர்கள், சாமியைக் காணோம்" என்று எழுதினார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபம் வந்தாலும் நோட்டு அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் ஆறிவிடும்.

லென்ஸ் பற்றி நாங்கள் கற்றதெல்லாம் அந்த நோட்டில்தான். புதிதாக ஒன்று யார் கைக்கு வந்தாலும் முதல் வேலை, சுவரில் பேப்பரை விரித்து ஒட்டி, முக்காலியில் கேமராவை வைத்து, ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு படம் எடுப்பது. பிறகு பூதக்கண்ணாடி வைத்து எழுத்தைப் படிப்போம். ஹீலியாஸை எஃப் 2-ல் முழுக்கத் திறந்தால் நடுவில் எழுத்து தெரியும், மூலையில் கரையும். எஃப் 5.6-க்கு மூடினால் மூலையும் தெளியும். ஆனால் அதே ஹீலியாஸைத் திறந்து வைத்துப் பூங்காவில் ஒருவரை நிறுத்தி எடுத்தால், பின்னால் உள்ள இலைகளெல்லாம் அவரைச் சுற்றி நீர்ச்சுழி போலச் சுழலும். "இது குறையா நிறையா?" என்று அதை வைத்து மட்டும் மூன்று மாதம் நோட்டில் சண்டை நடந்தது. கடைசியில் டிராயிங் மாஸ்டர் எழுதினார்: "முகத்துக்கு நிறை. கோபுரத்துக்குக் குறை." அதற்கு மேல் யாரும் எழுதவில்லை.

என் பங்குக்கு நான் பிரெஞ்சை அள்ளிவிடுவேன். லென்சுக்குப் பிரெஞ்சில் ஒப்ழெக்திஃப் என்று பெயர். நடுநிலையாகப் பார்ப்பதற்கும் அதே சொல்தான். கூர்மைக்குப் பிக்கே, எதிர்வெயிலுக்குக் கோந்த்ர் ழூர். முசேக்கு இது புரியும், மற்ற மூவருக்கும் புரியாது. புரியாத இடத்தில் பேசும்போது கொஞ்சம் பெரிய மனிதனாகத் தெரிகிறோம் அல்லவா, அந்த அற்ப சந்தோஷம்.

1976-ல் பிரான்சில் இருந்த என் தாய்மாமன் லீவில் வந்தபோது ஒரு லென்ஸ் கொண்டுவந்தார். கார்ல் சைஸ் யேனா, சொனார் 135 மில்லிமீட்டர், எஃப் 3.5. கிழக்கு ஜெர்மனியில் செய்தது. எங்கள் ஜெனித்துக்கு அப்படியே பொருந்தியது. தூரத்தில் உள்ள முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். ஐந்து பேரும் மாறி மாறிப் பார்த்து, "இதுதான் லென்ஸ்" என்று ஒருமனதாகத் தீர்ப்பு எழுதினோம். வில்லியனூர்த் தேரில் வடம் பிடிப்பவர்களின் கழுத்து நரம்பை அதில் எடுத்து ஒட்டினேன். அன்று மில்காரர்கூடக் கிண்டல் எழுதவில்லை.

1978-ல் ஐப்பசி கார்த்திகை மழை. வீட்டுச் சுவரெல்லாம் ஓதம். கேமராவை எடுக்கவே இல்லை. லென்சை அதன் தோல் உறையில் போட்டுப் பீரோவுக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டேன். பத்திரம் என்று நான் நினைத்ததுதான் வினை. கடலோர ஊரில் லென்சுக்குத் தோல் உறையும் இருட்டும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. மார்கழியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே நடுக்கண்ணாடியின் ஓரத்திலிருந்து சிலந்தி நூல் மாதிரி மெல்லிசாக இரண்டு மூன்று இழை ஓடியிருந்தது. துணியால் துடைத்தால் போகாது, உள்பக்கம்.

பேப்பரை ஒட்டி எடுத்துப் பார்த்தேன். எழுத்து முன்போலவே தெளிவாக விழுந்தது. வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்வரை பூஞ்சையால் பெரிய சேதம் தெரியாது. வெயிலோ ஜன்னலோ லென்சின் முகத்தைப் பார்க்கும்போதுதான் ஒவ்வொரு இழையும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். கறுப்பு கறுப்பாக இருக்காது, சாம்பல் பூத்துவிடும். படத்தின் மேல் புகை விட்ட மாதிரி இருக்கும். இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் ஒரு வைட் ஆங்கிள் லென்ஸ் விலைக்கு வந்தது. எனக்கு அதன் மேல் ஆசை. கஷ்டம் என்றால்கூட ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வெறும் ஆசைதான். டிராயிங் மாஸ்டர் சொனாரை எப்போது கொடுத்தாலும் தான் வாங்கிக்கொள்வதாக முன்பே சொல்லிவைத்திருந்தார். 1979 பொங்கல் கழிந்து நானூறு ரூபாய்க்குக் கொடுத்தேன். எங்கள் வழக்கப்படி, லென்ஸ் கைமாறினால் கொடுப்பவர் அதன் நிலைமையை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுதினேன்: "எத்தா அன்பெக்காப்ள்." குற்றம் குறை இல்லாத நிலை என்று அர்த்தம். தமிழில் எழுதக் கை கூசியது போலும். டிராயிங் மாஸ்டர் அர்த்தம் கேட்டார். "பழுதில்லைன்னு அர்த்தம் சார்" என்றேன். அதையும் பக்கத்தில் அவரே தமிழில் எழுதிக்கொண்டார்.

அந்த வருஷம் பங்குனியில் நோட்டு என்னிடம் வந்தபோது டிராயிங் மாஸ்டரின் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அவருடைய அம்மா. தாழ்வாரத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்க்கிறார்கள். பின்னால் முற்றத்து வெயில். அந்தம்மா எந்தக் கேமராவுக்கும் நின்றதில்லை, போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று முகத்தை மூடிக்கொள்ளும் காலத்து மனுஷி. நூற்றி முப்பத்தைந்து லென்ஸ் இருந்ததால்தான் அவர்களுக்குத் தெரியாமல் வாசல் பக்கம் நின்று எடுக்க முடிந்தது. உட்கார்ந்த வாகும், முறத்தைப் பிடித்த கையும், தலை சாய்ந்த விதமும் அவ்வளவு இயல்பு. முகம் மட்டும் இல்லை. புகைக்குப் பின்னால் இருப்பது போல ஒரு வெளுப்பு.

கீழே அவர் எழுதியிருந்தார்: "சொனார் 135, எஃப் 4, ஓர்வோ பிலிம், எதிர்வெயில். முகம் மங்கலாக உள்ளது. நான் வெளிச்சத்தைச் சரியாகக் கணிக்கவில்லை என்று நினைக்கிறேன். என் தவறு எங்கே என்று நண்பர்கள் சொல்ல வேண்டும்."

முசே எழுதியிருந்தார், எதிர்வெயிலில் லென்சுக்குக் கையால் நிழல் கொடுத்திருக்க வேண்டும் என்று. ஸ்டூடியோக்காரர் எழுதியிருந்தார், இன்னும் ஒரு பங்கு வெளிச்சம் கொடுத்திருக்கலாம் என்று. மில்காரர், "அம்மாவை இன்னொரு தடவை எடுத்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தார். அடுத்த நாலு வரி என்னுடையது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வார்த்தை எழுதினால் போதும். எழுதவில்லை. இடத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கம் திருப்பினேன். எல்லாவற்றுக்கும் சட்டம் பேசும் முசேகூட ஏனோ அந்தக் காலி இடத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

இன்னொரு தடவை எடுக்க முடியவில்லை. அந்த வருஷம் ஆடி மாதம் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பத்தாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்று ஸ்டூடியோக்காரர் அந்த நெகட்டிவை எடுத்து, கிடைத்ததிலேயே கடினமான பேப்பரில் பிரிண்ட் போட்டுப் பார்த்தார். கண் கொஞ்சம் தெரிந்தது. நரைமுடி வெந்து வெள்ளையாகிவிட்டது. மூக்குத்தி மறைந்தே போயிற்று. அதைத்தான் சட்டம் போட்டு மாலை போட்டார்கள். நானும் போய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து, 1982-ல், பூங்கா பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த ஒரு நாள் சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. "சார், அந்த லென்ஸ்ல பூஞ்சை இருந்தது. எனக்குத் தெரிஞ்சுதான் குடுத்தேன்" என்ற வரை நினைவிருக்கிறது. சட்டைப் பையில் நானூறு ரூபாய் வைத்திருந்தேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "பார்த்தேன் சார். வாங்கின அன்னிக்கு ராத்திரியே டார்ச் அடிச்சுப் பார்த்தேன். என்னமோ நூல் மாதிரி தெரிஞ்சுது."

"அப்ப ஏன் சார் கேக்கல?"

"நோட்டுல நீங்க பழுதில்லைன்னு எழுதியிருந்தீங்களே. என் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு நெனைச்சுக்கிட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. படம் வரைந்து பிழைக்கிறவர். என் எழுத்தை நம்பி, தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறார். பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை. "லென்சை ரிப்பேர் பண்ணப் பாருங்க. அஞ்சு பேரும் வெச்சுக்கலாம்" என்றார். பிறகு எழுந்து, "வாங்க, காபி சாப்பிடலாம்" என்றார். அவ்வளவுதான். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மதராசில் ஒருவர் அதைப் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். இழைகள் போய்விட்டன. ஆனால் அவை ஓடிய இடத்தில் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிட்டிருந்தது. அந்தத் தடம் இன்றும் இருக்கிறது. அடுத்த ஞாயிறு மற்ற மூவரிடமும் நானே சொன்னேன். முசே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நோட்டில் ஒரு புது சட்டம் எழுதினார். யார் எந்த லென்சைப் பற்றி எழுதினாலும் முதல் வரியில் அதன் குறையை எழுத வேண்டும், தமிழில் எழுத வேண்டும். சொனார் அதன் பிறகு பொதுச் சொத்தாகிவிட்டது. அதைப் பற்றி முதல் வரி எழுதியது நான்தான்: "எதிர்வெயிலுக்கு ஆகாது."

கலர் பிலிமும் கலர் லேபும் வந்தன. முசே போனார், மில்காரர் போனார், ஸ்டூடியோவும் மூடியாயிற்று. டிராயிங் மாஸ்டர் கண் ஆபரேஷன் ஆன பிறகும் பூங்காவுக்கு வந்துகொண்டிருந்தார். அவரும் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நோட்டுகள் ஆறும் என்னிடம்தான் இருக்கின்றன. கடற்கரையிலிருந்து வந்த அன்று ராத்திரி 1979 நோட்டை எடுத்துப் பிரித்தேன். அந்தப் பக்கத்தில் அந்தம்மா இன்னும் அரிசி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே என் நாலு வரிக்கான இடம் காலியாகவே இருக்கிறது. அங்கே இப்போது எழுதினால் படிக்க யாரும் இல்லை. அதனால் இங்கே எழுதிவிட்டேன். நாலு வரிக்குப் பதில் இவ்வளவு நீளமாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலர் வீட்டுப் பீரோவிலும் ஒரு பழைய கேமரா தூங்கிக்கொண்டிருக்கும். அதைத் தோல் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். உறையைத் தனியாக வையுங்கள். லென்சை மாதம் ஒரு தடவையாவது காற்றாட வெளியே வைத்து எடுங்கள். மழைக்காலத்தில் மூடி போட்ட டப்பாவில் நீல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வைக்கலாம். நீலம் வெளிறி ரோஸ் நிறம் ஆனால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால், அது உங்கள் கண்ணின் கோளாறு இல்லை.